தார் முடிந்த பிறகு: யாழ்ப்பாணத்தில் கரடுமுரடான தரையில் மோட்டார் சைக்கிள் பழக முழு வழிகாட்டி

கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்துவிட்டு யாழ்ப்பாணத்தில் சில மாதங்கள் தங்க வருபவர்களுக்கானது இது. தார் றோட்டில் பைக் ஓரளவு ஓடத் தெரிந்தவர்களையும், கார் மட்டுமே ஓடியவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

பெரும்பாலானவர்கள் விழுவது துணிவில்லாமல் அல்ல, வரிசை பிழைத்ததால். வந்த கிழமையே மச்சானின் பைக்கை எடுத்துக்கொண்டு மணற்காட்டுக்குப் போவார்கள். தரைகளில் மணல்தான் கடைசியாகப் பழகவேண்டியது. ஏனென்றால் தாரில் பழகிய கை அங்கே நேரெதிராக வேலை செய்யவேண்டும். வெட்டிய வயல், ஒழுங்கை, கிறவல், செம்மண், அதற்குப் பிறகு மணல், எல்லாவற்றுக்கும் பின் வெள்ளம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முழுவதற்கும் ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

1. முதலில் கடதாசிகள்

வெளிநாட்டுக் கார் லைசென்ஸ் மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுப்பதானால், புறப்படும் நாட்டிலேயே, 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படுவதை எடுங்கள். அதில் 'ஏ' வகுப்பில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் பைக்கைப் பொறுத்தவரை அது வெறும் கடதாசி. இலங்கைக்கு வந்த பிறகு அதற்கு உள்ளூர் அங்கீகாரமும் எடுக்கவேண்டும்.

இலங்கை லைசென்ஸில் 'ஏ1' என்பது 100 சிசி வரை, 'ஏ' என்பது அதற்கு மேல். நீண்டகாலம் தங்குபவர்கள் இங்கேயே சோதனைக்குத் தோற்றி எடுப்பதுதான் நிம்மதி.

இரவல் பைக் என்றால் வாகன வருமான அனுமதிப்பத்திரமும் இன்சூரன்ஸும் பைக்கோடு இருக்கவேண்டும், திகதி தாண்டியிருக்கக்கூடாது. பொலிஸ் மறித்தால் லைசென்ஸோடு சேர்த்து இந்த இரண்டையும்தான் கேட்கும். உங்கள் பயணக் காப்புறுதியையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பலவற்றில் சரியான வகுப்பு லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓடி விழுந்தால் ஒரு சதமும் கிடைக்காது. 125 சிசிக்கு மேல் போனாலே விலக்கு என்று சொல்பவையும் உண்டு.

2. எந்த பைக்?

100 முதல் 125 சிசி வரை. சிடி 100, பிளாட்டினா, ஸ்ப்லென்டர், டிஸ்கவர் போன்றவை. இளம் பொடியள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பழகும் காலத்தில் பைக்கை ஒரு நாளில் பல தடவை தரையிலிருந்து தூக்கவேண்டி வரும். 110 கிலோவைத் தனியாகத் தூக்கலாம். 150 கிலோவை ஒட்டிய பல்சரை மூன்றாவது தடவை தூக்கும்போது முதுகு பிடித்துவிடும். பிடித்த முதுகோடு ஓடுபவர் நான்காவது தடவையும் விழுவார்.

ஸ்கூட்டர் வேண்டாம். சில்லு சிறிது, பள்ளத்துக்குள் முழுதாக இறங்கும். கால்களால் பெற்றோல் ராங்கியைப் பிடிக்கவும் வழியில்லை. ட்ரெயில் பைக் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் இருக்கை உயரம். இரண்டு பாதமும் தரையில் ஊன்றாதவருக்கு முதல் கிழமையில் அது உதவியல்ல, உபத்திரவம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் பழைய பைக் பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இருக்கும். கராஜில் விட்டு மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஹாண்டில் கழுத்துப் போல்ஸ், பின் சுவிங் ஆமின் புஷ், சில்லுப் பேரிங். முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் 'டக்' என்று நின்றால் கழுத்து தேய்ந்துவிட்டது. அப்படியான பைக் மணலில் நேராகப் போகாது, நீங்களோ உங்கள் கைதான் பிழை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

3. பைக்கை மண்ணுக்கு ஏற்றபடி ஆயத்தம் செய்தல்

லீவர்கள்: கிளச், பிறேக் லீவர்கள் இரண்டையும் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். எழுந்து நின்று ஓடும்போது மணிக்கட்டு மடியாமல் விரல் நேராக லீவரில் விழவேண்டும். அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டை இறுக்கி முறுக்காமல், கையால் பலமாகத் தட்டினால் சுழலும் அளவில் விடுங்கள். விழும்போது லீவர் உடையாமல் சுழன்றுகொடுக்கும்.

ரயர்: தொழிற்சாலையிலிருந்து வரும் ரயரோடே முதல் இரண்டு கட்டங்களையும் பழகலாம். ஒன்றைத்தான் மாற்றக் காசு இருக்கிறது என்றால் முன் ரயரை மாற்றுங்கள், ஆழமான கட்டைகள் உள்ளதாக. பின் சில்லு வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சில்லு வழுக்கினால் அநேகமாக நிலத்தில்தான்.

காற்று: இங்கேதான் அதிகம் பிழைவிடுகிறார்கள். தாரில் 28 பிஎஸ்ஐ அளவில் வைத்திருக்கும் ரயரைக் கிறவலுக்கு 24 அளவுக்கு இறக்கலாம். மணலுக்கு முன்னால் 18, பின்னால் 20. அதற்குக் கீழே போகாதீர்கள். ரியூப் போட்ட ரயர் காற்றுக் குறைந்தால் றிம்மில் சுற்றும், ரியூப் கூடவே இழுபட்டு வால்வு அடியோடு அறுந்துவிடும். ரியூப் இல்லாத ரயர் என்றால் ஓரம் றிம்மிலிருந்து கழன்று காற்று ஒரேயடியாக இறங்கும்.

நெடுந்தீவு மாதிரிப் பவளக்கல் நிறைந்த இடத்தில் காற்றைக் குறைக்கவே கூடாது. கல் ரயரை றிம்மோடு நசுக்கி, ரியூப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். அப்படி இரட்டை ஓட்டை கண்டால் முள் தேடி நேரம் கழிக்கவேண்டாம், காற்றுக் குறைவுதான் காரணம். மணலில் இறக்கிய காற்றோடு தார் றோட்டில் வேகமாக வீடு திரும்பவும் கூடாது. ரயர் சூடேறும், முடக்கில் பைக் நெளியும். ஒரு சைக்கிள் பம்பும் காற்றளவி ஒன்றும் பையில் இருந்தால் தீர்ந்தது.

செயின்: நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் 25 முதல் 30 மில்லிமீற்றர் அசைவு இருக்கவேண்டும். இறுக்கமாக இருந்தால் பள்ளத்தில் ஷொக் அமுங்கும்போது செயின் நாண்போல விறைத்து, கியர்ப்பெட்டிப் பேரிங்கைத் தின்னும்.

பையில் போடவேண்டியவை: 10, 12, 14, 17 ஸ்பனர்கள், பிளக் ஸ்பனர், ரயர் கழற்றும் லீவர் இரண்டு, ஒட்டும் சாமான், கிளச் கேபிள் ஒன்று, கொஞ்சம் கட்டுக்கம்பி, ஒரு ரியூப். முன் சில்லுக்குரிய ரியூப்பையே கொண்டுபோங்கள். 17 அங்குலச் சில்லுள்ள சிறிய பைக்குகளில் அவசரத்துக்குப் பின்னாலும் அது பிடிக்கும். பின் ரியூப்பை முன்னுக்குள் திணித்தால் மடிந்து தேயும். வடலிக் கருக்கும் உடைமுள்ளும் ஆளைப் பார்த்துக் குத்துவதில்லை.

4. உடம்புக்கு

முகம் முழுவதும் மூடும் ஹெல்மெற். வெளிநாட்டிலிருந்து வரும்போதே இசிஈ 22.06 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) அடையாளமுள்ள ஒன்றைக் கொண்டுவருவது மேல். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெற் சட்டப்படி வேண்டும். ஆனால் பழகி முடியும் வரை பின்னால் ஆரையும் ஏற்றாதீர்கள்.

கணுக்காலுக்கு மேல் வரும் சப்பாத்து, தடித்த களிசான், கையுறை, முழங்கால் கவசம். மோட்டார் சைக்கிள் சப்பாத்து கிடைக்காவிட்டால் கட்டட வேலைக்காரர் போடும் இரும்பு முனைச் சப்பாத்து போதும். விழும்போது உடைவது பெரும்பாலும் பைக்குக்குக் கீழே மாட்டும் கணுக்கால். சாறமும் செருப்புமாக அந்த மணலில் மீன்பெட்டியோடு பறப்பவரைப் பார்த்து மயங்கவேண்டாம், அவர் பத்து வயதிலிருந்து ஓடுகிறார்.

வெயிலும் ஒரு எதிரி. காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியுங்கள். இரண்டு லீற்றர் தண்ணீர். தாகம் எடுத்த பிறகு கை தாமதமாக வேலை செய்யும், அது உங்களுக்கே தெரியாது.

5. எங்கே போகலாம், எங்கே கூடாது

பழக நல்ல இடம், அரிவு வெட்டு முடிந்த வயல். யாழ்ப்பாணத்தில் நெல் ஒரு போகம்தான். மாசி, பங்குனிக்குப் பிறகு தரை காய்ந்து இறுகி, அடுத்த விதைப்பு வரை சும்மா கிடக்கும். சொந்தக்காரர் வயலாக இருந்தாலும் கேட்டுவிட்டு இறங்குங்கள், வரம்பை உடைக்காதீர்கள். விளையாட்டுக் கழக மைதானத்தில் ஓடினால் பொடியள் விடமாட்டார்கள், பிட்ச் கெட்டுப்போகும்.

போகக்கூடாதவை மூன்று.

கண்ணிவெடி இருந்த பகுதிகள். முன்னாள் முன்னரங்கு கிளாலியிலிருந்து முகமாலை வழியாக நாகர்கோவில் வரை போனது. அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்து பெரும்பகுதி விடுவிக்கப்பட்டாலும், அந்தப் பக்கங்களில் ஊர்ச்சனம் தினமும் பாவிக்கும் பாதையை விட்டு ஒரு அடியும் விலகாதீர்கள், ஒன்றுக்குப் போகக்கூட. மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். மழைக்குப் பிறகு மண் அரித்துப் பழைய வெடிபொருட்கள் மேலே வருவதும் உண்டு.

கட்டில்லாத கிணறுகள். ஆளில்லாத வளவுகளிலும் தோட்டங்களிலும் தரைமட்டத்தில் வாய் திறந்து கிடக்கும், சுற்றிப் புல் வளர்ந்து மூடியிருக்கும். அறியாத காணிக்குள் குறுக்கு வழி தேடவேண்டாம்.

உப்புவெளிகள். செம்மணி, கல்லுண்டாய்ப் பக்கம் வெள்ளையாகக் காய்ந்து, ஓடுவதற்கென்றே விரித்துவைத்த மைதானம்போலத் தோன்றும். மேல்தோல் மட்டும்தான் காய்ந்தது, கீழே களி. இறங்கமுன் குதிக்காலால் ஓங்கி மிதியுங்கள். குழி விழுந்து அதில் ஈரம் தெரிந்தால் பைக் அச்சு வரை புதையும்.

சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. பழகும் இடமாக அதை நினைக்கவே வேண்டாம்.

6. முதல் கிழமை: வெட்டிய வயலில்

இந்தக் கிழமையைத் தாவியவர்கள் எல்லோரும் பிறகு திரும்பி வருகிறார்கள். அதனால் இங்கே விரிவாகவே பார்ப்போம்.

முதலில் எஞ்சினைப் போடாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடவுங்கள். இடப்பக்கமாக நின்று வட்டமாக, பிறகு வலப்பக்கமாக. பைக் எந்தச் சாய்வு வரை தாங்கும், எந்தச் சாய்வில் கையை மீறும் என்பதை இடுப்பு இப்படித்தான் அறியும்.

அடுத்தது கிளச். முதல் கியரில், அக்சிலேற்றரைத் தொடாமல், கிளச்சை மெல்ல விட்டுப் பைக் அசையத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அசைந்ததும் பிடியுங்கள். ஐம்பது தடவை. கரடுமுரடான தரையில் வேகத்தை ஆள்வது பிறேக்கைவிடக் கிளச்தான். இரண்டு விரல் எப்போதும் அதன்மேல் இருக்கவேண்டும், மற்ற இரண்டும் ஹாண்டிலைப் பிடித்திருக்கவேண்டும். நான்கு விரலாலும் கிளச் பிடிப்பவரின் கை, பள்ளத்தில் குலுங்கும்போது ஹாண்டிலிலிருந்து கழன்றுவிடும்.

பிறகு நடைவேகம். நடந்துபோகும் ஒருவரைப் பக்கத்தில் வைத்து, அவரை முந்தாமல், கால் ஊன்றாமல் ஐம்பது மீற்றர். பின் பிறேக்கைச் சற்று மிதித்தபடி கிளச்சால் இழுத்தால் பைக் தளம்பாது. இது வந்ததும் இரண்டு தேங்காயைப் பத்து மீற்றர் இடைவெளியில் வைத்து எட்டுப் போடுங்கள். தேங்காயைப் பார்த்தால் தேங்காயில்தான் ஏறுவீர்கள். போகவேண்டிய இடத்தைப் பாருங்கள், தலையைத் திருப்பி.

எழுந்து நிற்றல். பாதத்தின் முன்பகுதி கால்தாங்கியில், முழங்கால் சற்று மடிந்து ராங்கியை அணைத்து, முழங்கை வெளியே விரிந்து, பார்வை தூரத்தில். இருந்து ஓடினால் பள்ளத்தின் அடி முதுகெலும்பில் இறங்கும். நின்றால் பைக் கீழே தன்பாட்டில் குலுங்கும், மேலே நீங்கள் நிதானமாக இருப்பீர்கள். சிறிய பைக்குகளில் ஹாண்டில் பதிவு. நிமிர்ந்து நின்றால் கூனவேண்டி வரும், கூனினால் பாரம் கையில் விழும். ஆகவே முழுதாக நிற்காமல், இருக்கையிலிருந்து ஒரு சாண் எழும்பிய நிலை போதும். பாரம் காலில் இருக்கிறதா என்று அறிய, ஓடும்போது விரல்களை ஹாண்டிலில் தாளம்போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் கையில் தொங்குகிறீர்கள்.

கடைசியாகப் பிறேக். இரண்டாம் கியரில், 20 கிலோமீற்றர் வேகத்தில், பின் பிறேக்கை மட்டும் மிதித்துச் சில்லைப் பூட்டுங்கள். பைக்கின் பின்பக்கம் வழுக்கும், நேராகப் பார்த்தபடி இருந்தால் விழமாட்டீர்கள். அந்தப் பயம் இங்கேயே போகட்டும். பிறகு முன் பிறேக், ஒரு விரலால், மெல்ல ஆரம்பித்து இறுக்கி. ஐரோப்பாவில் பெரிய பைக் ஓடியவர்கள் முன் பிறேக்கை நம்பிப் பழகியவர்கள், தாரில் அது சரி. மண்ணில் பைக் நிமிர்ந்து நேராக இருக்கும்போது மட்டும் முன் பிறேக், ஹாண்டில் திரும்பியிருந்தால் தொடவே கூடாது. "தம்பி, முன் பிறேக்கைப் பிடியாதை" என்று ஊரில் பெரியவர்கள் ஒரேயடியாகச் சொல்வது அரைவாசி உண்மைதான். தாருக்குத் திரும்பியதும் அந்தப் பிறேக்தான் உயிரைக் காப்பாற்றும்.

உங்கள் பைக்கில் பின் பெடலை மிதித்தால் முன் பிறேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கராஜில் கேளுங்கள். இருந்தால் மணலுக்கு முன் அதைக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். பின் பிறேக் மட்டும் பிடிப்பதாக நினைத்து மிதிப்பீர்கள், முன் சில்லு புதைந்து குத்துக்கரணம்.

7. ஒழுங்கைகள்

இரண்டு பக்கமும் வேலி, நடுவில் புல், இரு தடங்கள், முடக்குக்கு முடக்கு மறைவு. இங்கே தரையைவிட எதிரே வருபவர்தான் ஆபத்து. முடக்கு வரமுன் ஹோர்ன் அடியுங்கள், இடது தடத்தில் நில்லுங்கள், அடுத்த மூன்று மீற்றரில் நிற்கக்கூடிய வேகம் மட்டும்.

கனடாவிலும் ஐரோப்பாக் கண்டத்திலும் வலதுபக்கம் ஓடியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெரிசலில் பிழைவிடமாட்டீர்கள், முன்னால் போகும் வாகனம் காட்டித்தரும். ஆளில்லாத ஒழுங்கையிலிருந்து வெறும் றோட்டில் ஏறும் அந்தக் கணத்தில் உடம்பு பழைய பக்கத்துக்குப் போய்விடும். ஏறமுன் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு "இடது" என்று சொல்லுங்கள். வேலிக்குள் நிற்பவர் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

தடம் மாற நடுப்புல்லைக் கடக்கும்போது சரிவாக உரசிக்கொண்டு ஏறாதீர்கள், முன் சில்லு விளிம்பில் வழுக்கும். வேகத்தைக் குறைத்து, இயன்றவரை குறுக்காக வெட்டி ஏறுங்கள். கட்டாக்காலி மாடு படுத்திருந்தால் அதன் பின்பக்கமாகப் போங்கள். மாடு எழும்பினால் முன்னுக்குத்தான் நகரும்.

8. கிறவலும் ஊரியும்

தளர்ந்த கல்லில் பைக் சற்று மிதந்துகொண்டே போகும். அது இயல்பு. அதைத் திருத்தப் பார்ப்பவர்தான் விழுகிறார். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், மூன்றாம் கியரில், 30 அளவில், எழுந்து நின்று ஓடுங்கள். திரும்பும்போது உடம்பை நிமிர்த்திப் பைக்கை மட்டும் சாயுங்கள். வெளிப்பக்கக் கால்தாங்கியை அழுத்தினால் ரயர் தரையைக் கவ்வும்.

ரிப்பர் ஓடும் கிறவல் றோட்டில் நடுவிலும் ஓரத்திலும் கல் குவிந்திருக்கும், சில்லு ஓடிய தடம் மட்டும் இறுகியிருக்கும். அந்தத் தடத்தை விடாதீர்கள். எதிரே ரிப்பர் வந்தால் முழுதாக நின்று விடுங்கள். புழுதியில் அடுத்த பத்து விநாடிகளுக்கு ஒன்றும் தெரியாது.

தீவகப் பக்கம் ஊரி போட்ட பாதைகள் கிறவலைவிட வழுக்கல். சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும். வேகம் இன்னும் குறைய, பிறேக் இன்னும் மென்மையாக. சோளகக் காற்றடிக்கும் காலத்தில் பண்ணைப் பாலத்திலும் பொன்னாலைப் பாலத்திலும் பக்கக்காற்று பைக்கைத் தள்ளும், ராங்கியை முழங்காலால் அணைத்துக்கொள்ளுங்கள்.

9. செம்மண்ணும் களியும்

வலிகாமத்துச் செம்மண் காய்ந்திருந்தால் பழக அருமையான தரை. முதல் மழை விழுந்த அரைமணித்தியாலம் சவர்க்காரம் பூசியதுபோல. அந்த நேரம் நில்லுங்கள், தேத்தண்ணி குடியுங்கள். நன்றாக ஊறிய பிறகு அது இளகி, ரயர் கட்டை கீழே இறங்கிப் பிடிக்க இடம் கிடைக்கும்.

உழவு இயந்திரத் தடத்துக்குள் விழுந்துவிட்டால் வெளியே வர முயலாதீர்கள். தடம் முடியும் இடத்தைப் பார்த்து, இரண்டாம் கியரில் ஒரே சீராக. சில்லைப் பார்த்தால் அது தடத்தின் சுவரில் ஏறும்.

கடலேரி ஓரத்துச் சாம்பல் களி வேறு விதம். வழுக்குவதைவிட ஒட்டும். முன் மட்காட்டுக்குள் திரண்டு சில்லையே நிறுத்திவிடும். மட்காட்டை இரண்டு விரல் உயர்த்திப் பொருத்தலாம், அல்லது கழற்றி வைக்கலாம். ஓடும்போது முன்பக்கம் கனத்தால் உடனே நிறுத்தித் தடியால் கிண்டி எடுங்கள். எஞ்சினை முறுக்கித் தப்பலாம் என்று பார்த்தால் கிளச் எரியும்.

10. மணல்

குடத்தனை, மணற்காடு, செம்பியன்பற்று, மருதங்கேணி. வடமராட்சி கிழக்கில் மணலுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லா மணலும் ஒன்றல்ல. மழைக்குப் பிறகு ஈரத்தில் இறுகியிருக்கும், மார்கழி, தையில் பழகுவது சுலபம். ஆனி, ஆடிச் சோளகத்தில் காய்ந்து மாவாகக் கிடக்கும், அப்போது பழகியவரே வேர்ப்பார். கடலோரத்தில் அலை நனைத்த பட்டை இறுக்கமானது. ஆனாலும் உப்புத்தண்ணீர், கீழே 13ஐப் பாருங்கள்.

மணலில் பைக் வள்ளம் மாதிரி. தண்டு வலிப்பது பின்பக்கம், முன்பக்கம் அலையும், அலைய விடவேண்டும். இதை ஏற்றுக்கொண்டால் பாதி பழகிவிட்டீர்கள்.

புறப்படுதல். முதல் கியரில் அதிகம் முறுக்கினால் பின் சில்லு அந்த இடத்திலேயே குழி தோண்டும். கிளச்சை மெல்ல விட்டு, இரண்டு காலாலும் தரையை உதைத்து உதவிக்கொண்டு நகர்ந்ததும் இரண்டாம் கியர். நகர்ந்ததும் காலைத் தூக்கித் தாங்கியில் வையுங்கள். காலைத் தொங்கவிட்டு ஓடுவதுதான் புதியவர்களின் பெரிய பிழை. பாரம் இருக்கையில் ஏறும், பாதம் மணலில் மாட்டி முழங்கால் திருகும்.

ஓடுதல். எழுந்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் சில்லில் பாரத்தைக் குறையுங்கள். அக்சிலேற்றர் ஒரே அளவில். பைக் தளம்பும்போது கை தானாக அதை மூடப்பார்க்கும். மூடினால் பாரம் முன்னுக்குப் பாய்ந்து முன் சில்லு புதையும், ஹாண்டில் முறுகும், விழுவீர்கள். தளம்பினால் சற்றுக் கூட்டுங்கள். மண்டைக்குப் புரிந்தாலும் கை இதை ஏற்கச் சில நாள் எடுக்கும். அதனால்தான் கிளச்சும் நிற்கும் பழக்கமும் யோசிக்காமலே வரும் வரை இங்கே வரவேண்டாம் என்றது.

திரும்புதல் ஹாண்டிலால் அல்ல. போகவேண்டிய பக்கத்துத் தாங்கியை அழுத்தி, அந்தப் பக்கம் பார்த்து, அகலமான வட்டமாக.

நிற்றல். அக்சிலேற்றரை மெல்ல விட்டாலே மணல் நிறுத்திவிடும், பிறேக் தேவையில்லை. இறக்கம் பார்த்து, அல்லது இறுகிய தரை பார்த்து நில்லுங்கள். மேட்டில் ஏறும் முகத்தில் நின்றால் மறுபடி புறப்பட முடியாது. சைட் ஸ்ராண்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் படம் எடுக்கும்போது பைக் படுத்துவிடும்.

புதைந்தால். பின் சில்லு அச்சு வரை இறங்கிவிட்டால் முறுக்குவதை உடனே நிறுத்துங்கள். பெற்றோல் குழாயை மூடி, எஞ்சினை நிறுத்தி, பைக்கை ஒரு பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள். சில்லு குழியிலிருந்து வெளியே வரும். குழியை மணலால் மூடி மிதித்து, பைக்கை நிமிர்த்தி, பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் தள்ளி வெளியே எடுங்கள். தனியாள் செய்யக்கூடிய வேலைதான்.

இரண்டு விஷயம் கவனம். கரையில் கரைவலை இழுக்கும் நேரம் கயிறு கடலிலிருந்து உழவு இயந்திரம் வரை விறைத்து நிற்கும், வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் கூடி நின்றால் தூரத்திலேயே இறங்கி, கேட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு போங்கள். மற்றது, அடம்பன் கொடி படர்ந்த மணற்கும்பிகளில் ஏறாதீர்கள். அந்தக் கொடிதான் கும்பியைப் பிடித்துவைத்திருக்கிறது, கும்பிதான் ஊருக்கு நல்ல தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது.

மணலைவிட மோசம், தாரின் மேல் காற்று கொண்டுவந்து போட்ட மணல். மணற்காட்டுப் பக்கம் அடிக்கடி காணலாம். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்து, அதன்மேல் ஓடும்போது பிறேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம்.

11. வெள்ளம்

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை. நடந்து பார்க்காத தண்ணீருக்குள் பைக்கை விடாதீர்கள். முழங்காலைத் தாண்டினால் திரும்புங்கள். ஓடும் தண்ணீர் என்றால் அதைவிடக் குறைவிலேயே. மதவுகளில் தண்ணீர் மேலால் பாயும்போது ஓரம் எது, வாய்க்கால் எது என்று தெரியாது. ஓரக்கல் தெரியாத மதவைக் கடக்கவே வேண்டாம்.

கடப்பதானால் முதல் கியர், ஒரே சீரான வேகம், கிளச்சைப் பிடித்து நடுவில் நிற்காமல். சைலன்சர் வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எஞ்சின் நின்றால் அங்கேயே ஸ்ராட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கொனெக்டிங் றொட் வளையும். தள்ளி வெளியே எடுத்து, பிளக்கைக் கழற்றி, பலதடவை கிக்கரை மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறமாக மாறியிருந்தால் மாற்றாமல் ஓடவேண்டாம். வெளியே வந்ததும் இரண்டு பிறேக்கையும் லேசாக அழுத்தியபடி ஐம்பது மீற்றர் ஓடினால் காய்ந்துவிடும்.

12. விழுந்தால்

எஞ்சினை நிறுத்துங்கள், பிறகு உங்களைப் பாருங்கள், பிறகு பைக்கை. சைலன்சர் சுட்டிருந்தால் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள், பற்பசையும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அம்புலன்ஸுக்கு 1990, இலவசம். இடத்தைச் சொல்லக்கூடியதாக அருகிலுள்ள கோயில், பாடசாலைப் பெயரைப் போகும்போதே பார்த்து வைத்திருங்கள். மணற்பக்கம் தனியாகப் போகாதீர்கள்.

தூக்குதல்: வலப்பக்கமாக விழுந்திருந்தால் முதலில் சைட் ஸ்ராண்டை வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் விழும். கியரில் விடுங்கள், உருளாது. முதுகை இருக்கைக்குக் கொடுத்து, குந்தியிருந்து, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, காலால் பின்னோக்கி நடந்து எழும்புங்கள். பிறகு ஸ்ராட் வராவிட்டால் எஞ்சினுக்குள் பெற்றோல் அளவுக்கு மீறிப் போயிருக்கும். அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து வைத்துக் கிக்கரை மிதியுங்கள்.

13. வீட்டுக்கு வந்ததும்

கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவவேண்டும், நாளைக்கு என்று விடக்கூடாது. உப்பு முதலில் தின்பது செயினையும், ஸ்போக் முனைகளையும், சைலன்சர் மூட்டையும். உங்கள் கிணறு உவர் என்றால் அதில் கழுவிப் பயனில்லை, நல்ல தண்ணீர் இரண்டு வாளி கொண்டுவந்து ஊற்றுங்கள். சில்லுப் பேரிங்கிலும் கழுத்திலும் தண்ணீரைப் பீச்சி அடிக்காதீர்கள், கிறீஸ் கரைந்துவிடும்.

காய்ந்ததும் செயினுக்கு ஒயில். ஆனால் மறுநாளும் மணலுக்குப் போவதானால் மெல்லிய பூச்சாகப் போட்டு, துணியால் துடைத்து விடுங்கள். சொட்டச் சொட்டப் போட்டால் மணல் ஒட்டி அரம்போல அராவும். எயார் பில்டரைக் கழற்றித் தட்டுங்கள், ஸ்பொஞ்ச் என்றால் பெற்றோலில் கழுவாமல் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். ஸ்போக்குகளை ஸ்பனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மற்றவை கிணுங்கும்போது ஒன்று மட்டும் மொட்டையாகச் சத்தம் போட்டால் தளர்ந்துவிட்டது. காற்றைத் திரும்ப 28க்கு ஏற்றிவிட்டுச் சாவியை மச்சானிடம் கொடுங்கள்.